புது உளி, தீட்டாத உளி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது. அன்று நேரம் போதாமல் விட்டுப்போன சில விவரங்களையும் சேர்த்து எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)

 

"உங்க குழு மர அச்சு செஞ்ச கதையைச் சொல்லுங்க, மத்தவங்களுக்கும் உபயோகமா இருக்கும்" என்று செயலாளர் அக்கா சொன்னாங்க. வெளியே மேசையில எங்க பையையும் அச்சுக் கட்டையையும் பார்த்திருப்பீங்க. நான் அந்தக் கட்டையைப் பத்திப் பேசுறதை விட, அதைச் செதுக்கின உளியைப் பத்தித்தான் அதிகம் பேசப் போறேன். ஏன்னா நாங்க பட்ட கஷ்டம் எல்லாம் அந்த உளியாலதான். கடைசியில ஒருத்தர்கிட்ட மன்னிப்பும் கேட்கணும். அதையும் இந்த மேடையிலயே கேட்டுர்றேன்.

எங்கள் குழு துணிப்பை தைக்கிற குழு. 2021 டிசம்பர் மாதம் அரசாங்கம் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கின பிறகு எங்களுக்கு வேலை கூடிச்சு. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை, கடைக்காரங்க கேட்கிற பை என்று தைச்சுக் கொடுத்தோம். ஆனா பையில ஒரு மாங்காயோ, ஒரு மயிலோ, ஒரு கோலமோ பதிக்கணும்னா வெளியேதான் கொடுக்கணும். ஒரு டிசைனுக்கு ஸ்கிரீன் செய்யத் தனிக் காசு. ஐந்நூறு பைன்னா பரவாயில்லை. அம்பது பை கேட்கிறவங்களுக்கு அது கட்டுப்படியாகாது.

நம்ம மதுரைச் சுங்குடிச் சேலையில முடிச்சுப் போட்டுச் சாயம் ஏத்துறது மட்டும் இல்ல, மர அச்சுக் கட்டையால மெழுகு பதிச்சும் டிசைன் போடுறாங்க. அதைப் பார்த்துத்தான் எனக்கு யோசனை வந்தது. சின்னதா ஒரு கட்டையை நாமளே செதுக்கிட்டா, பத்துப் பை கேட்டாலும் பதிச்சுக் கொடுக்கலாமேன்னு நெனைச்சேன்.

குழுவில பேசி, தீர்மானப் புத்தகத்தில எழுதி, சேமிப்பிலிருந்து 2,100 ரூபாய் எடுத்தோம். 12 உளி இருக்கிற பெட்டி ரெண்டு, ஒண்ணு 480 ரூபாய் வீதம் 960. மரப்பலகை 600. துணி பெயிண்ட் 540. இந்தக் கணக்கு எனக்கு இன்னும் மனப்பாடம். உளி வாங்கலாம்னு சொன்னதும் நான், போன்ல பார்த்து ஆர்டர் போட்டதும் நான்.

பெட்டி வந்த அன்னைக்கு எல்லாரும் சுத்தி உட்கார்ந்து பார்த்தோம். வார்னிஷ் போட்ட கைப்பிடி, பளபளன்னு இரும்பு. தட்டையா ஒண்ணு, நகம் மாதிரி வளைஞ்சது ஒண்ணு, 'வி' மாதிரி மடிஞ்சது ஒண்ணு என்று விதவிதமா இருந்தது. "பாத்து, கையை அறுத்துரும்"னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டோம். அந்த உளி வெண்ணெயை அறுக்கவே யோசிக்கும்னு அன்னைக்கு எங்களுக்குத் தெரியாது.

வேப்பம்பலகையில மாங்காய் வரைஞ்சு செதுக்க ஆரம்பிச்சோம். உளி மரத்துக்குள்ள இறங்கலை, வழுக்கிட்டுப் போச்சு. அழுத்தினா நார் நாராப் பிஞ்சு வந்தது. மூணாவது நாள், எங்க குழுவில ஒரு மதினி பலகையை இடது கையால பிடிச்சுக்கிட்டு, வலது கையால பலங்கொண்ட மட்டும் தள்ளினாங்க. உளி வழுக்கி, இடது கையில கட்டைவிரலுக்குக் கீழே ஏறிருச்சு. மூணு தையல், ஒரு டிடி ஊசி. பத்து நாள் அவங்களால மிஷின்ல உட்கார முடியலை. பத்து நாள் வருமானம் போச்சு.

அப்ப நான் சொன்ன வார்த்தை இதுதான்: "மதினி, உங்களுக்குப் பொறுமை இல்ல. பூக்கட்டுற மாதிரி செய்ய வேண்டிய வேலையை விறகு பொளக்கிற மாதிரி செஞ்சா இப்படித்தான் ஆகும்." எல்லார் முன்னாடியும் சொன்னேன். அவங்க ஒண்ணுமே பேசலை. அடுத்த வாரம் கூட்டத்துக்கு வந்தாங்க, சந்தா கட்டினாங்க. உளிப் பக்கம் மட்டும் திரும்பலை. "எனக்கு அந்த வேலை வராதுத்தா"ன்னு சொல்லிட்டாங்க. அவங்களைப் பார்த்து இன்னும் ரெண்டு பேர் விலகிட்டாங்க. பெட்டி ரெண்டும் பரண்ல ஏறிருச்சு. "ஆசாரி வேலை ஆசாரிக்குத்தான் வரும், பொம்பளைகளுக்கு எதுக்கு உளி"ன்னு வீட்டிலயும் பேச்சு. மாசக் கூட்டத்தில கணக்கு வாசிக்கும்போது அந்த 2,100 ரூபாய் வந்தாலே நான் தலையைக் குனிஞ்சுக்குவேன்.

அப்படியே ரெண்டு மாசம் போச்சு. ஒரு நாள் எங்க தெருவில அம்மி கொத்துறவர் வந்தார். எங்க வீட்டு அம்மியைக் கொத்தக் கொடுத்துட்டுப் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். அம்மி வழுவழுன்னு ஆயிட்டா என்னா பலமா இழுத்தாலும் மிளகாய் நசுங்குமே தவிர அரையாது. அது தெரியாம, "உனக்கு அரைக்கத் தெரியலை"ன்னு மருமகளைச் சொல்ற மாமியாரும் உண்டு. இதை நெனைச்சதும் எனக்குச் சுருக்குன்னு இருந்தது. நான் அந்த மதினியைச் சொன்னதும் அப்படித்தானோ?

பெட்டியைப் பரண்லேருந்து இறக்கி, எங்க பக்கத்துத் தெருவில கதவு ஜன்னல் செய்யிற ஆசாரித் தாத்தாகிட்ட கொண்டு போனேன். அவர் ஒரு உளியை எடுத்து வெயில்ல முனையை மேலே தூக்கிப் பிடிச்சார். "முனையில ஒரு வெள்ளைக் கோடு தெரியுதா பாரும்மா. வெளிச்சம் உட்கார அங்க இடம் இருக்கு. அப்ப அது மொக்கை. நல்லாத் தீட்டின முனையில வெளிச்சம் நிக்காது"ன்னார். அப்புறம், "யாருக்காவது கையில பட்டுச்சா?"ன்னு அவராவே கேட்டார். நான் சொல்லவே இல்லை. "மொக்கை உளியைத்தான் பலமாத் தள்ளத் தோணும். பலமாத் தள்ளினா வழுக்கும், வழுக்கினா கைதான். தீட்டின உளி தள்ளின அளவுக்குப் போய் நிக்கும். கடையில வாங்கின உளியை எந்த ஆசாரியும் அன்னைக்கே வேலைக்கு எடுக்க மாட்டான். முதல்ல தீட்டுவான்"ன்னார்.

அக்கா தங்கச்சிகளே, நான் இன்னைக்குச் சொல்ல வந்தது இந்த ஒண்ணுதான். விலை குறைஞ்ச உளி தப்பு இல்ல. ஆனா அது பாதி வேலை முடிஞ்ச உளி. மீதிப் பாதியை நாமதான் செய்யணும். அது தெரியாமத்தான் நிறையப் பேர், தனக்குக் கை வராதுன்னு நெனைச்சு விட்டுர்றாங்க.

இனி அவர் சொல்லிக் கொடுத்ததையும், நாங்களே கெடுத்துக் கத்துக்கிட்டதையும் வரிசையாச் சொல்றேன்.

முதல்ல வாங்குறது. 12 உளிப் பெட்டி ஆரம்பத்தில தேவையே இல்லை. எங்க 24 உளியில இன்னைக்கு வரைக்கும் கையில எடுக்கிறது அஞ்சுதான். அரை இஞ்ச் தட்டை உளி ஒண்ணு, கால் இஞ்ச் தட்டை உளி ஒண்ணு, வளைஞ்ச உளியில சின்னது ஒண்ணு பெருசு ஒண்ணு, 'வி' உளி ஒண்ணு. முடிஞ்சா கடைக்கு நேரா போய்க் கையில எடுத்துப் பார்த்து வாங்குங்க. பெரியார் பஸ் ஸ்டாண்டுல இறங்கினா டவுனுக்குள்ள எத்தனையோ ஹார்டுவேர் கடை இருக்கு. ஒத்தை உளியாவே கொடுப்பாங்க.

வாங்கும்போது மூணு விஷயம் பாருங்க. இரும்பு கைப்பிடிக்கு நேரா இறங்கியிருக்கணும், கோணலா இருக்கக் கூடாது. கைப்பிடியைப் பிடிச்சு ஆட்டினா ஆடக் கூடாது. வளைஞ்ச உளியில வளைவோட கனம் ஒரு பக்கம் தடிப்பாவும் ஒரு பக்கம் மெலிசாவும் இருக்கக் கூடாது. அப்படி இருந்தா எவ்வளவு தீட்டினாலும் முனை கோணலாவே வரும்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சோதனை. முனைக்குப் பக்கத்துல ஒரு சின்ன அரத்தை லேசா இழுத்துப் பாருங்க. பதம் போட்ட இரும்புன்னா அரம் வழுக்கிட்டுப் போகும். அரம் கடிச்சுப் பொடி எடுத்தா அது பதமில்லாத இரும்பு. அதை எவ்வளவு தீட்டினாலும் நாலு தள்ளுல மழுங்கிரும். எங்க 24 உளியில நாலு அப்படி இருந்தது. அதைப் பசை தடவவும் பெயிண்ட் டப்பா திறக்கவும் வச்சிருக்கோம்.

இன்னொண்ணு. மெல்லிசான சின்ன உளி கையால தள்ளுறதுக்கு மட்டும்தான். அதைச் சுத்தியலால அடிச்சா கைப்பிடி பொளந்துரும், இல்லன்னா கழுத்து ஒடிஞ்சிரும். நாங்க ரெண்டை ஒடிச்சோம். அடிச்சுச் செதுக்கணும்னா தடிச்ச உளி வேணும், அதையும் இரும்புச் சுத்தியலால அடிக்காம ஆசாரி வச்சிருக்கிற மரக் கொட்டாப்புளியால அடிக்கணும்.

அடுத்தது தீட்டுறது. இதுக்கு நாங்க வாங்கினது: ஒரு பக்கம் சொரசொரன்னும் இன்னொரு பக்கம் நைசாவும் இருக்கிற எட்டு இஞ்ச் தீட்டுக்கல் 220 ரூபாய். வாட்டர் பேப்பர் 1000 நம்பர் ரெண்டு, 2000 நம்பர் ரெண்டு, மொத்தம் 80 ரூபாய். இரும்புக்குப் பாலிஷ் போடுற பச்சைக் கட்டி 100 ரூபாய். ஆகமொத்தம் 400. பழைய தோல் பெல்ட் ஒண்ணும் உடைஞ்ச அலமாரிக் கண்ணாடி ஒண்ணும் வீட்டிலேயே இருந்தது. பெல்ட் நிஜத் தோலா இருக்கணும், ரெக்சின் ஆகாது. கண்ணாடியோட ஓரத்தை டேப் ஒட்டி மூடிக்கோங்க.

தீட்டுக்கல்லுக்குத் தண்ணி விடலாம், எண்ணெயும் விடலாம். ஆனா எண்ணெய் விட ஆரம்பிச்சா அந்தக் கல்லுக்கு எப்பவும் எண்ணெய்தான். மாத்தி மாத்தி விட்டா கல் அடைச்சுக்கும். நாங்க தண்ணிதான் விடுறோம். கல்லுக்கு அடியில ஈரத்துணி போட்டா நகராது.

தட்டை உளிக்கு ரெண்டு பக்கம். ஒண்ணு தட்டையான முதுகு, இன்னொண்ணு சாய்வு. முதல்ல முதுகு. முனையிலிருந்து ஒரு அரை இஞ்ச் அளவுக்குக் கல்லுல பொத்தி வச்சு, தூக்காமத் தேய்ங்க. தொழிற்சாலையில கடைஞ்ச கோடு எல்லாம் மறைஞ்சு ஒரே மாதிரி மினுங்கணும். இது ஒரு உளிக்கு ஒரு தடவை செஞ்சாப் போதும். எனக்கு முதல் உளிக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. சலிச்சுக்காதீங்க.

அப்புறம் சாய்வு. எவ்வளவு சாய்வு? ஒரு தாளோட மூலை 90 டிகிரி. மூலையில ரெண்டு ஓரமும் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற மாதிரி மடிச்சா 45. இன்னொரு தடவை அதே மாதிரி மடிச்சா இருபத்திரெண்டரை. அந்த மடிச்ச தாளைக் கல்லுப் பக்கத்துல வச்சு, உளியோட சாய்வை அதுக்குச் சரியாப் பிடிங்க. விலை குறைஞ்ச இரும்புக்கு அதை விட ஒரு பொட்டுத் தூக்கலாப் பிடிக்கிறது நல்லது. 25 டிகிரின்னு வச்சுக்கோங்க. ரொம்பப் படுக்க வச்சுத் தீட்டினா முனை மெலிஞ்சு மடங்கிரும். ரொம்பத் தூக்கினா மரத்துல இறங்காது.

சரியா வச்சிருக்கோமான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு. சாய்வு பூராவும் மார்க்கர் பேனாவால மை பூசிருங்க. ரெண்டு இழுப்பு இழுத்துட்டுப் பாருங்க. முனைப் பக்கம் மட்டும் மை போயிருந்தா ரொம்பத் தூக்கிட்டீங்க. குதிப் பக்கம் மட்டும் போயிருந்தா ரொம்பப் படுத்துட்டீங்க. எல்லா இடத்திலயும் சமமாப் போனா சரி.

சொரசொரப்புப் பக்கத்துல தீட்டத் தீட்ட, முதுகுப் பக்கம் முனையில ஒரு மெல்லிய பிசிறு எழும்பும். முதுகுப் பக்கத்திலிருந்து முனைக்கு வெளியே விரலை லேசாத் தடவினா நகத்துல மாட்டும். முனை நெடுக விரலை ஓட்டக் கூடாது, அறுத்துரும். அந்தப் பிசிறு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் வரணும். வந்தாத்தான் தீட்டினது முனை வரைக்கும் போயிருக்குன்னு அர்த்தம். நாங்க முதல்ல பண்ணின தப்பு, பிசிறு வர்றதுக்கு முன்னாடியே நைசுப் பக்கம் திருப்பினதுதான். அதனால பளபளன்னு இருந்தும் வெட்டலை.

பிசிறு வந்ததும் நைசுப் பக்கத்துல தீட்டுங்க. அப்புறம் கண்ணாடி மேல வாட்டர் பேப்பரை நனைச்சு ஒட்டி, 1000, அதுக்குப் பிறகு 2000. பேப்பர்ல உளியைப் பின்னாடி இழுக்க மட்டும் செய்யுங்க, முன்னாடி தள்ளினாப் பேப்பர் கிழியும். இடையிடையே முதுகைத் திருப்பிப் பொத்தி வச்சு ஒரு இழுப்பு இழுத்தாப் பிசிறு மெலிஞ்சுக்கிட்டே வரும்.

கடைசியாத் தோல். பெல்ட்டை ஒரு பலகையில ஒட்டி, பச்சைக் கட்டியைத் தேய்ச்சுக்கோங்க. சலூன் கடையில அந்தக் காலத்துல கத்தியை வார்ல தீட்டுவாங்கல்ல, அதே மாதிரி. இதுலயும் பின்னாடி இழுக்க மட்டும்தான். சாய்வு இருபது இழுப்பு, முதுகு பத்து இழுப்பு. இப்ப வெயில்ல தூக்கிப் பாருங்க, வெள்ளைக் கோடு இருக்காது.

வளைஞ்ச உளிக்கு முதுகு தட்டையா இல்லாததால வேற முறை. வெளி வளைவைக் கல்லுல வச்சு, மாவு தேய்க்கிற கட்டை உருள்ற மாதிரி ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் உருட்டிக்கிட்டே தீட்டணும். நடுவிலேயே நின்னு தேய்ச்சா நடுவில பள்ளம் விழுந்துரும், ஓரத்திலேயே தேய்ச்சா ஓரம் மழுங்கிரும். உள்பக்கத்துப் பிசிறை எடுக்க, அதே வளைவு இருக்கிற ஒரு குச்சியிலயோ பேனாவிலயோ வாட்டர் பேப்பரைச் சுத்தி இழுக்கணும். 'வி' உளியை ரெண்டு தட்டை உளி ஒட்டினதாவே நெனைச்சு ஒவ்வொரு பக்கமாத் தீட்டணும். ரெண்டும் சேர்ற அடியில ஒரு கொக்கி மாதிரி நீட்டிக்கிட்டு நிக்கும், அதை லேசா உருட்டி எடுக்கணும். இது மூணுலயும் கஷ்டமானது, கடைசியாக் கத்துக்கோங்க.

ஒரு தடவை நல்லாத் தீட்டிட்டா மறுபடி கல்லுக்குச் சீக்கிரம் போக வேண்டியதில்லை. செதுக்கும்போது கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை தோல்ல பத்து இழுப்பு இழுத்தாப் போதும். "சரியா வெட்டலையே"ன்னு தோணும்போது இன்னும் பலமாத் தள்ளாம, உளியைத் தோல்ல போடுங்க. அந்தப் பழக்கம் வந்துட்டா கையில படுறது பாதி குறைஞ்சிரும்.

ஒரு எச்சரிக்கை. தெருவில சக்கரச் சாணை பிடிக்கிறவர்கிட்டயோ, மோட்டார்ச் சாணையிலயோ இந்தச் சின்ன உளியைக் கொடுக்காதீங்க. அருவாளுக்கு அது சரி. மெல்லிய உளி முனை அதுல நொடியில சூடாகும். 300 டிகிரி கிட்டப் போனா இரும்பு நீலமாகிரும். நீலம் ஏறின இடத்துல பதம் இறங்கிப் போச்சுன்னு அர்த்தம். அப்புறம் அந்த நீலம் போற வரைக்கும் தேய்ச்சு எடுக்கிறதைத் தவிர வேற வழியில்லை. எங்களுக்கு ஒரு நல்ல உளி அப்படிப் போச்சு.

கை பத்திரம். ரெண்டு கையும் முனைக்குப் பின்னாடிதான் இருக்கணும். மரத்தைக் கையால பிடிக்கவே கூடாது. ஒரு பலகைக்கு மேல ஒரு சட்டமும் அடியில ஒரு சட்டமும் அடிச்சுக்கோங்க. அடிச் சட்டம் மேசை ஓரத்துல மாட்டிக்கும், மேல் சட்டத்துல மரத்தை முட்டுக் கொடுத்துச் செதுக்கலாம். எங்களுக்கு மேசை இல்லாததால திண்ணை ஓரத்துல மாட்டினோம். இதுக்கு ஆன செலவு நாலு ஆணி. அந்த மதினி கையில அன்னைக்குத் தையல் விழுந்ததுக்கு ரெண்டு காரணம். உளி மொக்கை, மரத்துக்கு முட்டு இல்லை. பொறுமைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

மரம் பத்திக் கொஞ்சம். பழகுறதுக்கு மலைவேம்பு மாதிரி மெதுவான மரம் போதும். நாங்க எடுத்த வேம்புல நார் மாறி மாறி ஓடும், புதுசாப் பழகுறவங்களுக்கு அது சிரமம். நார் எந்தப் பக்கம் படுத்திருக்கோ அந்தப் பக்கமாத் தள்ளணும், எதிர்த்துத் தள்ளினாப் பிய்க்கும். அச்சுக் கட்டைக்கு ஆசாரிகிட்ட மிஞ்சுற தேக்குத் துண்டு நல்லது. குஜராத்தில பெத்தாப்பூர்னு ஒரு ஊரு அச்சுக் கட்டைக்கே பேர் போனது. அங்கேயும் தேக்கில்தான் செதுக்குறாங்க. புதுக் கட்டையை எண்ணெயில பல நாள் ஊற வச்சுத்தான் அச்சுப் பதிக்க எடுப்பாங்க.

எழுத்து செதுக்கும்போது மறந்துராதீங்க, தலைகீழாக் கண்ணாடியில தெரியிற மாதிரி செதுக்கணும். நான் ரெண்டு நாள் உட்கார்ந்து 'பரவை'ன்னு அழகாச் செதுக்கி, பையில பதிச்சுப் பார்த்தா எழுத்து எல்லாம் திரும்பி நின்னுச்சு. சிரிங்க, பரவாயில்லை. அந்தக் கட்டையும் வெளியே மேசையில இருக்கு. இப்ப டிரேசிங் தாள்ல எழுதித் திருப்பி ஒட்டிட்டுத்தான் உளியை எடுக்கிறோம்.

நம்ம தமிழ்நாட்டில இது சின்னத் தொழில் இல்லை. பெரம்பலூர் மாவட்டம் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. அங்க வாகை, மா மாதிரி மரங்கள்ல, ஒரே மரத்துண்டிலிருந்து முழுச் சிற்பத்தையும் எடுப்பாங்க. 2021-ல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கும் கிடைச்சது. அந்தக் கலை மதுரை பெரிய நகரமா இருந்த காலத்தில இங்க வளர்ந்து, அப்புறம் பிழைப்புக்காக வெளியூர் போனவங்களோட போனதுன்னு சொல்றாங்க. நாம சித்திரைத் திருவிழாவில வடம் பிடிக்கிற தேரைச் சுத்தி இருக்கிற மரச்சிற்பம் எல்லாம் உளியாலதான் வந்தது. நாங்க செதுக்குறது ஒரு மாங்காய்தான். அந்தச் சிற்பிகளோட எங்களைச் சேர்த்துப் பேசலை. ஆனா அவங்க உளியும் தீட்டித்தான் ஆகணும், எங்க உளியும் தீட்டித்தான் ஆகணும்.

தொழிலாவே செய்ய நெனைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். தமிழக அரசோட கலைஞர் கைவினைத் திட்டத்தில 25 வகைக் கைத்தொழில் இருக்கு. மர வேலையும் தையலும் அதில வரும். 35 வயசு ஆனவங்க விண்ணப்பிக்கலாம். 3 லட்சம் ரூபாய் வரைக்கும் கடன், அதில 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் வரைக்கும் மானியம். மாவட்டத் தொழில் மையத்தில கேளுங்க. ஆனா கடன் வாங்கி உளி வாங்குறதுக்கு முன்னாடி, 400 ரூபாய்க்குத் தீட்டுற சாமானை வாங்கிப் பழகிக்கோங்க. நாங்க 2,100-ஐ முதல்லயும் 400-ஐப் பின்னாடியும் செலவழிச்சோம். நீங்க மாத்திச் செய்யுங்க.

எங்க கணக்கையும் சொல்லிர்றேன். இன்னைக்கு எங்ககிட்ட நல்ல அச்சு மூணு இருக்கு. மாங்காய், தாமரை, ஒரு புள்ளிக் கோலம். சின்ன ஆர்டரை இப்ப வேண்டாம்னு சொல்றதில்லை. அச்சுப் பதிச்ச பையில கிடைச்சதிலிருந்து மாசம் 300 ரூபாய் வீதம் ஏழு மாசத்தில அந்த 2,100-ஐச் சேமிப்பில திருப்பிக் கட்டிட்டோம். பெரிய லாபம்னு சொல்ல மாட்டேன். கணக்கு வாசிக்கும்போது தலை நிமிர்ந்து உட்கார முடியுது, அது போதும்.

விலகின ரெண்டு பேர் திரும்ப வந்துட்டாங்க. அந்த மதினி மட்டும் இன்னும் உளியைத் தொடலை. பையில அச்சுப் பதிக்கிறது அவங்கதான். ஒரு பையில கூட மை ஒழுகாது, கோணல் இருக்காது. ஒரு மணி நேரம் அசையாம நின்னு பதிப்பாங்க. பொறுமை இல்லன்னு நான் சொன்னேனே, அவங்கதான் இவங்க.

மதினி, மூணாவது வரிசையில நீங்க உட்கார்ந்திருக்கிறது எனக்குத் தெரியுது. அன்னைக்கு எல்லார் முன்னாடியும் சொன்னதுனால இன்னைக்கும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். குத்தம் உங்க கையில இல்லை. தீட்டாத உளியை உங்க கையில கொடுத்தது நான். மன்னிச்சுருங்க. நீங்க செதுக்கணும்னு நான் கேட்கலை. உங்க பேருக்கு ஒரு கால் இஞ்ச் உளியைத் தீட்டித் துணியில சுத்தி வச்சிருக்கேன். என்னைக்குத் தோணுதோ அன்னைக்கு எடுத்துக்கோங்க. தோணலைன்னாலும் சரி.

கடைசியா கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை. தீட்டுக்கல், வாட்டர் பேப்பர், தோல், பச்சைக் கட்டி இது நாலையும் ஒரு செட்டா வாங்கி, கூட்டமைப்பு அலுவலகத்தில பொதுச் சொத்தா வைக்கணும். குழுவுக்கு ஒண்ணு தேவையில்லை, எல்லாருக்கும் சேர்த்து ஒண்ணு போதும். மாசக் கூட்டம் நடக்கிற அன்னைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நான் வந்து உட்கார்றேன். உளிதான்னு இல்லை, காய் நறுக்குற கத்தி, அரிவாள்மனை எதுன்னாலும் கொண்டு வாங்க, தீட்டிப் பழகிட்டுப் போங்க. கத்தரிக்கோலுக்கு மட்டும் முறை வேற, அதை இந்தக் கல்லுல போட்டுக் கெடுத்துராதீங்க.